ஏழாவது கையெழுத்து

அவையின் நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் தலைவர் அவர்களே! பல் மருத்துவராகப் பல பேரின் வாயைத் திறக்க வைத்தவர் அவர். இன்று என் வாயையும் திறக்க வைத்திருக்கிறார். மூட வைப்பதும் அவர் பாடு. மேடையை நிறைத்திருக்கும் மூத்த சகோதரர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வந்தமர்ந்து, முகத்தில் அதைக் காட்டாமல் முறுவலிக்கும் பெரியோர்களே! மாதம் தவறாமல் மூடிய கதவுக்குள்ளே இந்த ஆம்பளைங்க அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு, பதிலே கிடைக்காமல், அப்படியும் எங்களுக்குச் சோறு போட்ட தாய்மார்களே! கதவுக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கிற அனைவருக்கும் என் தாழ்மையான வணக்கம்.

நான் மேடையேறும்போது கதவருகே உரக்க அறிவிக்கப்பட்ட கணக்கு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 'உள்ளே இருநூத்திப் பதினாறு, வெளியே ஒண்ணு!' அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னே இப்படி விழிக்கிறேன்.

என் கைகளைப் பாருங்கள். வலக்கையில் பதினெட்டுப் பக்கம். ஒரு மாதம் உழைத்து, உண்டும் உறங்காமலும் எழுதிய உரை. இடக்கையில் ஒரே ஒரு துண்டுக் காகிதம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், வாசற்படியில் நின்றபடி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் கிறுக்கியது. இது மெய் என்றால் அது பொய். அது மெய் என்றால் நான் இன்று மாலை கனவு கண்டேன். எதைப் படிப்பது? வலதா, இடதா?

என்ன சொல்கிறீர்கள்? இரண்டையும் படிக்கவா? தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது.

அன்பார்ந்தவர்களே! நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை கண்டு, உறவினர் திருமண அழைப்பில் சந்திப்பிழை கண்டு, உள்ளூரப் பூரித்தவன். ஒன்பது ஆண்டுகளாக நமது ஃப்ரீமேசன் லாட்ஜின், அதாவது சுதந்திரக் கொத்தனார் என்று பெயர் வைத்துக்கொண்ட இந்தச் சங்கத்தின், செயலாளர். எனவே நாற்பதாம் ஆண்டு மலரைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மலர் உங்கள் கையில் இருக்கிறது. நான்காம் பக்கத்தைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டீர்களா? சரி, மூடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கலாம்.

முதலில் பிறந்த கதை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், மரக்கடை மாடியில் ஓர் அறை. ஒடுங்கிய மரப்படிகள் இருபத்தொன்று. படி முடியுமிடத்தில் ஒரு நாற்காலி போட்டால் ஓர் ஆள் ஒதுங்கி நிற்க மட்டுமே இடம் மிஞ்சும். அதற்குப் பிறகு கதவு. கதவுக்குள்ளே நமது லாட்ஜ். கீழே ரம்பம் அறுக்கும். மேலே ரகசியம் நடக்கும். ரம்பம் நின்றால் ரகசியம் வெளியே கேட்டுவிடும் என்று, கூட்டம் முடியும்வரை அறுத்துக்கொண்டேயிருக்கும்படி கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறார்கள் நம் முன்னோடிகள்!

விதிப்படி தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வேண்டும். கல் பதிக்க வழியில்லை, சாயம் பூசினார்கள். பூசியவர் முதல் செயலாளர், பள்ளியில் ஓவிய ஆசிரியர். வாசலில் தொடங்கி உள்நோக்கிப் பூசிக்கொண்டே போயிருக்கிறார். அறையின் கடைக்கோடி மூலைக்கு வந்த பிறகுதான், தானும் தூரிகையும் மூலையில், ஈரச்சாயம் நடுவில், வாசல் அந்தப் பக்கம் என்பது தெரிந்ததாம். ஆறு மணி நேரம் அந்த மூலையிலேயே நின்றார். ஊருக்கே வழிகாட்ட வந்த சங்கம், பிறந்த அன்றே வெளியே வர வழி தெரியாமல் நின்றது.

சிரியுங்கள். நானும் இதை முதலில் கேட்டபோது சிரித்தேன்.

திறந்த முதல் மாதத்திலேயே, படியேறி ஒருவர் வந்தார். கையில் பெட்டி, தோளில் துண்டு. கதவருகே நாற்காலியில் இருந்தவரிடம், "சிங்கிள் ரூம் இருக்கா? வென்னீர் வருமா?" என்று கேட்டார். லாட்ஜ் என்று பலகை மாட்டியிருந்தால் வேறென்ன கேட்பார்கள்? நாற்காலியில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னாராம்: "ரூம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல இப்ப நிறைய பேரு இருக்காங்க. கதவத் தட்டினாலும் தெறக்க மாட்டாங்க." வந்தவர், "அப்ப நல்ல லாட்ஜுதான் போலிருக்கு" என்று இறங்கிப் போய்விட்டார்.

எங்கே விட்டேன்? ஆம், பிறப்பு.

எங்கள் விதி என்ன சொல்கிறது? ஒரு லாட்ஜ் பிறக்க எழுவர் வேண்டும். ஆறு பேர் கூடினால் அது அரட்டை. ஏழு பேர் கூடினால்தான் அது லாட்ஜ். முதல் கூட்டத்தின் குறிப்பேட்டை மலருக்காக எடுத்தேன். ஓவிய ஆசிரியரின் முத்து முத்தான கையெழுத்து. 'இன்று எழுவர் கூடி இந்த லாட்ஜை நிறுவினோம்.' மகிழ்ந்தேன். பக்கத்தைப் புரட்டினேன். கையெழுத்துகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அப்புறம் ஒரு வெற்றுக் கோடு.

மறுபடியும் எண்ணினேன். ஆறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். ஆறு. மனைவியை அழைத்து எண்ணச் சொன்னேன். அவளும் ஆறு என்றாள்!

யார் அந்த ஏழாமவர்? எங்கிருந்து வந்தார்? எங்கே போனார்? வந்தவர் ஏன் கையெழுத்திடவில்லை? வரவே இல்லையென்றால் எழுவர் என்று ஏன் எழுதினார்கள்? ஆறே பேர்தான் என்றால், நமது லாட்ஜ் பிறக்கவே இல்லை. பிறக்காத லாட்ஜில்தான் நூற்று நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தோமா? மரக்கடை மாடியிலிருந்து இந்த மண்டபம்வரை வளர்ந்தது எது? மருத்துவமனைக்கு வார்டு கட்டிக் கொடுத்தது எது? பள்ளிக்கு இருநூறு பெஞ்சு கொடுத்தது எது? நான் இத்தனை ஆண்டும் எதற்குச் செயலாளர்?

கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. கடைசியாக இருந்த மருந்துக்கடைக்காரரும் இரண்டாண்டுக்கு முன் கண்மூடினார். லாட்ஜ் தொடங்க அனுமதி கேட்ட விண்ணப்பத்தின் நகலைக் கரையான் படித்து முடித்துவிட்டது. தலைமை லாட்ஜுக்கு எழுதிக் கேட்டோம். 'கோப்பைத் தேடுகிறோம்' என்று பதில் வந்து எட்டு மாதம். இன்னும் தேடுகிறார்கள், கிடைத்துவிடும், நமது நூற்றாண்டு விழாவுக்குள்.

இதற்கிடையே கல். எனக்குப் பின்னால் திரை போட்டு மறைத்திருக்கிறதே, அந்தக் கல். அதில் நிறுவனர் எழுவர் பெயரும் பொறிக்க வேண்டும். ஆறு பெயரை வெட்டிய சிற்பி, ஏழாவதைக் கேட்டு என் வீட்டுக்கே வந்தார். அதோ, மூன்றாம் வரிசையில், உளிப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நீங்க கொத்தனார் பேர வெச்சுக்கிட்டு ஒரு கல்லுகூட வெச்சதில்ல. பரவால்ல. ஆனா ஒண்ணு ஐயா, காகிதத்துல தப்புன்னா அடுத்த தடவ திருத்திக்கலாம். கல்லுல தப்புன்னா உங்க பேரன் வந்தாலும் திருத்த முடியாது. நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லுங்க, வெட்டறேன். இல்லன்னா விட்டுடறேன்."

எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. விட்டுவிடச் சொன்னேன். அந்தத் திரைக்குப் பின்னால் ஏழாம் இடம் இப்போதும் வெறுமையாகவே இருக்கிறது.

ஆனால் மலர் அச்சுக்குப் போயாக வேண்டுமே! அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது, தாய்மார்களே. மூளை வேலை செய்யும்போதுதான் மனிதன் அகப்பட்டுக்கொள்கிறான். முதல் நாள் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. மாடிப்படிக் கதவுக்கு முன்னால், தெருவில், வரிசையாக நிறுவனர்கள். எண்ணினேன். ஆறு! படத்தில் ஆறு பேர் என்றால் ஏழாமவர் எங்கே? படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்! ஆகா என்று துள்ளினேன். ஏழாம் நிறுவனர் புகைப்படக்காரர்தான் என்று மெய்ப்பில் எழுதி, என் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது திறவுங்கள் நான்காம் பக்கத்தை.

அந்தப் புகைப்படக்காரரின் மகன் இங்கேதான் இருக்கிறார். அந்த ஓரத்தில் நின்று நம்மையெல்லாம் படமெடுத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். நான் போய்க் கேட்டபோது அவர் சொன்னது, "எங்கப்பா உங்க சங்கத்தப் பத்தி ஒரு நாளும் பேசினதில்லையே சார்." நான் என்ன நினைத்தேன்? ரகசியத்தை எவ்வளவு உறுதியாகக் காத்திருக்கிறார் என்று வியந்தேன்! பேசியிருந்தால் சாட்சி, பேசாதிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி. என் ஆராய்ச்சி அப்படி.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மனைவி ஒன்று சொன்னாள். "ஏங்க, ஏழு பேரு வந்து ஆறு பேருதான் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னா, ஒருத்தருக்கு அப்ப வேல இருந்திருக்கும். நம்ம வீட்டு விசேஷத்துல நான் எந்தப் போட்டோவுல இருக்கேன் சொல்லுங்க? எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பார்த்துக்கிட்டு எங்கேயோதானே நின்னிருப்பேன்?"

தாய்மார்களின் கைதட்டல் எனக்குப் புரிகிறது. அன்று அது புரிந்திருந்தால் இந்தத் துண்டுக் காகிதம் தேவைப்பட்டிருக்காது. 'உனக்கு லாட்ஜ் விவகாரம் தெரியாது' என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன்.

இனி இடக்கைக் காகிதம்.

உங்களில் யார் எங்கள் லாட்ஜில் சேர வந்தாலும், முதலில் உட்காரும் இடம் உள்ளே இல்லை. கதவுக்கு வெளியே, காவலரின் நாற்காலியில். உள்ளே வாக்கெடுப்பு நடக்கும். வந்தவர் வெளியே வியர்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைக்குண்டு போட்டால் சம்மதம், கறுப்புக்குண்டு ஒன்று விழுந்தாலும் மறுப்பு. மரக்கடை மாடியில் குண்டுகள் ஏது? தையற்கடையில் வாங்கிய பொத்தான்கள். ரொட்டிக்கடை முதலாளி சேர வந்தபோது, பெட்டியைத் திறந்தால் ஐந்து வெள்ளை, ஒரு கருநீலம்! கருநீலம் கறுப்பா, இல்லையா? இரண்டு மணி நேரம் விவாதம். கருநீலத்தைப் போட்டவர் அதை வெள்ளை என்று நினைத்துப் போட்டாராம். அவருக்குக் கண்ணில் புரை! மறு வாக்கெடுப்பில் ரொட்டிக்கடைக்காரர் சேர்ந்தார். அந்த இரண்டு மணி நேரமும் அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் யார்?

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு குரல்: "பயப்படாதீங்க தம்பி. உள்ள இருக்கறவங்க எல்லாரும் இதே நாற்காலியில உக்காந்து நடுங்கினவங்கதான். நான் பார்த்திருக்கேன்."

அவர்தான் எங்கள் கதவுக் காவலர். பகலில் கடைவீதி மூலையில் பூட்டுப் பழுது பார்ப்பவர். ஊர் முழுக்கச் சாவி அண்ணன். பின்னால் எப்போதோ வந்து சேர்ந்தவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். காவலர் பணி என்ன? கூட்டம் கூடியதும் கதவை மூடுவார். மூன்று தட்டுத் தட்டுவார். வெளியிலிருந்து உரக்கக் கணக்குச் சொல்வார். 'உள்ளே இருபத்தி மூணு, வெளியே ஒண்ணு!' செயலாளர் கூட்டி இருபத்து நான்கு என்று குறிப்பேட்டில் எழுதுவார். பிறகு கையெழுத்து வாங்குவார். கூட்டம் நடக்கும்போது குறிப்பேடு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. காவலர் கதவை விட்டு உள்ளே வரக் கூடாது. கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மூன்றும் விதி.

அந்தச் செயலாளர் யார்? ஒன்பது ஆண்டுகளாக நான்! ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கையெழுத்துக் குறைவு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நானே கூட்டி எழுதியிருக்கிறேன். ஊரார் எழுத்தில் ஒற்றுக் காணாமல் போனால் கண்டுபிடித்த இந்தக் கண், கதவுக்கு வெளியே ஓர் ஆள் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கவில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு வந்தேன். கதவில் அவர் நின்றார். "தலைவரு, சிற்பி, மைக்செட்டுக்காரரு. உள்ள மூணு, வெளிய ஒண்ணு. போங்க தம்பி" என்றார். நான் படியில் கால் வைத்தேன். வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணே, மரக்கடை மாடியில மொத நாள் கூட்டம்... உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எத்தன பேரு?"

"தெரியாம? உள்ள ஆறு, வெளிய ஒண்ணு."

"அந்த ஒண்ணு யாரு?"

பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நான்தான். வேற யாரு கதவுல நிப்பா?"

வேறு ஊரில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோதே அங்குள்ள லாட்ஜில் சேர்ந்தவராம். இருபத்தெட்டு வயதில் இங்கே வந்திருக்கிறார். ஆறு பேர் ஏழாமவரைத் தேடி அலைந்தபோது, தன் பழைய லாட்ஜின் கடிதத்தோடு போய் நின்றவர் அவர். பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாக நைந்து, ஆனால் தேதி தெளிவாக இருந்தது.

"ஏண்ணே, இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலையே?"

"உள்ள நடக்கறத வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. வெளிய நடக்கறத உள்ள வந்து சொல்லுன்னு யாரும் சொல்லலையே தம்பி. அந்த ஓவிய வாத்தியாரு, எனக்குன்னு ஒரு கோடு விட்டு வெச்சிருக்கேன், ஒரு நாள் போட்டுக்கலாம்னாரு. அப்புறம் மாசா மாசம் கூட்டம். மாசா மாசம் கதவு. அவரும் போயிட்டாரு."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெட்டியில் கிடந்த மூலப் புகைப்படத்தை ஓடிப்போய் எடுத்தேன். இடது ஓரத்தில், மாடிப்படிக் கதவின் கைப்பிடியில், நான்கு விரல்கள்! அன்று மேலே அறையில் லாட்ஜின் பொருள்கள் திறந்து கிடந்தனவாம். கதவை விட்டு நகராமல் நின்றிருக்கிறார். மலரில் அந்த விரல்கள் ஏன் இல்லை? 'ஓரம் சுத்தமாக இல்லை, வெட்டவும்' என்று மெய்ப்பில் எழுதியவன் நான். சிவப்பு மையில். அடிக்கோடிட்டு.

பெரியோர்களே! தாய்மார்களே! முப்பத்தைந்து ஆண்டுகள் பிழை திருத்தியவன் தன் பிழையை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். நான்காம் பக்கம் தவறு. புகைப்படக்காரரின் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன தம்பி சொல்கிறீர்கள்? "பரவால்ல சார், அந்த வெரலயும் எங்கப்பாதானே எடுத்தாரு!" கேட்டீர்களா? என்னைவிட நன்றாகப் படம் பார்க்கத் தெரிந்த குடும்பம்.

நமது லாட்ஜ் பிறந்ததா என்று கேட்டேனே, பிறந்தது! எழுவரால் பிறந்தது! ஆறு பேர் உள்ளே அமர்ந்து பெற்றார்கள். ஒருவர் வெளியே நின்று பெற்றார். நூற்று நாற்பத்து மூன்று பேரும் அவர் நாற்காலியில் அமர்ந்துதான் உள்ளே வந்தோம். வந்த பிறகு எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்?

அவர் பெயரைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். தாய்மார்களே, எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாவி அண்ணன் என்று அழைத்தேன். அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் அவருக்கு இருக்கும் என்று இன்று ஐந்து மணிவரை எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கியும், அவசரத்தில் தேதியைத்தான் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை. திரும்பப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆகவே நான் சொல்லப் போவதில்லை. அவரே வந்து எழுதட்டும். தலைவர் அவர்களே, குறிப்பேட்டின் முதல் பக்கத்தை மேடையில் விரித்து வைத்திருக்கிறேன். இன்று லாட்ஜ் கூட்டமில்லை, பொதுக்கூட்டம். எந்த விதியும் குறுக்கே நிற்காது. அந்தக் கோட்டில் அவர் கையெழுத்திடலாமா? தலையசைத்துவிட்டார்! சிற்பி ஐயா, அவர் எழுதுவதைப் பார்த்து அப்படியே வெட்டுங்கள். நான் மெய்ப்புப் பார்க்க மாட்டேன்.

அண்ணே! கதவுக்கு அந்தப் பக்கம் கேட்குதா அண்ணே? உள்ள வாங்க!

வர மாட்டேன் என்கிறார். கேட்டீர்களா அவர் குரலை? "இத்தன பேரு உள்ள இருக்கீங்க, நான் வந்துட்டா கதவ யாரு பார்ப்பா?"

நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகளாக யாரும் பதில் சொல்லாத கேள்வி. பதினெட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம்கூட நான் இன்னும் படிக்கவில்லை. படிக்கப் போவதுமில்லை. தலைவரே, கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிடுங்கள். வாய்ப்பளித்த உங்களுக்கும், மோர் கொடுத்த என் மனைவிக்கும், வெட்டாமல் விட்ட சிற்பிக்கும், பொறுமையோடு குழம்பிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

நான் இறங்குகிறேன். அண்ணே, அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். கதவை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கும் மாறாது.

உள்ளே இருநூற்றுப் பதினாறு. வெளியே ஒன்று. வணக்கம்!